உடல்சார் புறக்கணிப்புப் பிரிவில் மட்டும் ஆல்ஃபா ஏன் விழுகிறது?

தோட்டத்து டீச்சர், சுங்கை சிப்புட்:
படிவம் 2 மாணவர்களுக்கு சிறுவயதுக் கொடுமை, புறக்கணிப்பு அனுபவங்களைக் கேட்கும் சி.டி.கியூ. வினாத்தாளின் குறுவடிவத்தைத் (28 கேள்விகள்) தமிழில் கொடுத்தோம். மற்ற நான்கு பிரிவுகளும் சரி. உடல்சார் புறக்கணிப்பில் மட்டும் ஆல்ஃபா (ஒரு பிரிவின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.5-ஐத் தாண்டவில்லை. மொழிபெயர்ப்புக் கோளாறா?

கணக்குப்பிள்ளை:
முதலில் திருப்பல் மதிப்பெண்ணைப் பாருங்கள் டீச்சர். 7 கேள்விகள் நல்லதைக் கேட்பவை. விடைகள் 1 முதல் 5 வரை என்பதால், இவற்றின் விடையை 6-லிருந்து கழிக்கவேண்டும். இந்தப் பிரிவின் ஐந்தில் இரண்டு அப்படிப்பட்டவை, மறந்தால் ஆல்ஃபா சரியும். உணர்வுப் புறக்கணிப்பில் ஐந்துமே திருப்புபவை. அங்கே மறந்தாலும் ஆல்ஃபா நன்றாகவே நிற்கும், மதிப்பெண் மட்டும் தலைகீழாகிவிடும். அதுதான் பெரிய ஆபத்து.

செம்மண்:
திருப்பியும் குறைந்தால் மொழிபெயர்ப்பை மட்டும் குறைசொல்லாதீர்கள். பல நாடுகளிலும் இந்தப் பிரிவுதான் பலவீனமானது. பசி, அழுக்குத் துணி, பெற்றோரின் குடி எல்லாம் ஒரே கூடையில் கிடக்க, வறுமையும் அலட்சியமும் கலந்துவிடுகின்றன. செம்பனைக் காட்டுச் சேறு ஒட்டிய சீருடையை நினைத்து ஒரு பிள்ளை 'அடிக்கடி' என்று வட்டமிடலாம். ஏழெட்டுப் பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, "எதை நினைத்து இதை வட்டமிட்டாய்?" என்று வரிவரியாகக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மறைப்பை, அதாவது வீட்டுக் கஷ்டத்தை மூடிமறைத்து எல்லாம் நன்றாக இருந்ததாகக் காட்டுவதை, அளக்கும் 3 கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள். 5 என்று வட்டமிட்டால்தான் 1 புள்ளி. தோள் உரசும் மேசைகளில் எழுதவைத்தால் மறைப்பு கூடும்.

செம்மண்:
ஒப்புதல் தாளில் 'யாரிடமும் சொல்லமாட்டோம்' என்று எழுதவே கூடாது. ஆபத்திலிருக்கும் பிள்ளை தெரியவந்தால் அன்றே யார் பேசுவது என்று முன்பே முடிவுசெய்யுங்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணைத் தாளிலேயே அச்சிடுங்கள்.