கருத்தடை மாத்திரையும் கெண்டைக்கால் வலியும்: சதைப்பிடிப்பா, ரத்த உறைவா?

மலர்: தங்கை கருத்தடை மாத்திரை தொடங்கி இது மூன்றாவது மாதம். நாலு நாளாக இடது கெண்டைக்கால் வலி, இறுக்கம். அடி எதுவும் படவில்லை. பாட்டி தைலம் தேய்த்து நீவிவிடச் சொல்கிறார். சாதாரணச் சதைப்பிடிப்புதானா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

செவிலி_கோவை: முதலில், நீவவே வேண்டாம். சுளுக்கு வழிப்பவரிடமும் கூட்டிப் போகாதீர்கள். உறைவாக இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம்.

சதை பிடித்திருந்தால் பெரும்பாலும் எப்போது பிடித்தது என்று சொல்ல முடியும்: ஓடியபோது, படியேறியபோது. வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் காட்டலாம். குதிகாலைத் தூக்கி நின்றால் அதே இடம் சுரீரென்னும். ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தணியத் தொடங்கும். உறைவு காரணமே இல்லாமல் வந்து நாளுக்கு நாள் கூடும்; கால் கனக்கும், வீங்கும்.

தையல் டேப் எடுங்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலிலும் பேனாவால் குறித்துச் சுற்றளவு எடுங்கள். 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் வலுவான அடையாளம். வித்தியாசம் இல்லாததை வைத்து உறைவு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். ஒரு காலில் மட்டும் குழி நிற்கிறதா? நம் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகும், அதனால் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்க்கும் பழைய சோதனையை நம்பாதீர்கள். சதை பிடித்திருந்தாலும் அது வலிக்கும்.

பார்மசி_ரவி: எந்த மாத்திரை என்பதும் முக்கியம். ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு உறைவு வரும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையில் 5–7 பேர். மாலா-என் இந்த வகை. டிரோஸ்பிரினோன், டெசோஜெஸ்ட்ரல் சேர்ந்தவற்றில் 9–12 பேர். முதல் வருடம்தான், அதிலும் முதல் சில மாதங்கள்தான் ஆபத்து அதிகம். காப்பர்-டி-யில் இந்தக் கவலை இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று: கல்யாணம், கோயில் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட 5 மி.கி. நோரெதிஸ்டிரோன் தினம் மூன்று வேளை போடுகிறார்கள். அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மலர்: அளந்தோம். இடது 37.5, வலது 34. டிரோஸ்பிரினோன் மாத்திரைதான்.

செவிலி_கோவை: காலை வரை காத்திருக்காதீர்கள், இப்போதே டாப்ளர் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்; அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம். ஸ்கேன் கருவியால் தொடையிலிருந்து கீழ்நோக்கி அழுத்திப் பார்ப்பார்கள்: நல்ல சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) அமுங்கித் தட்டையாகும், உறைவு இருந்தால் அமுங்காது. முழங்காலுக்கு மேல் மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்றால், ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். டி-டைமர் ரத்தப் பரிசோதனை, சந்தேகம் குறைவாக இருப்பவர்களுக்கு உறைவு இல்லை என்று உறுதிசெய்யத்தான் உதவும். இவ்வளவு வீக்கத்தில் நேராக ஸ்கேன்தான்.

வழியில் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் எது வந்தாலும் உடனே 108.