ஆயில் குடிக்கும் எஞ்சின்: ரீபோர் செய்வது தகுமா?

திருநெல்வேலியில் நான் ஓட்டிவரும் 2008ஆம் ஆண்டு 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 1,64,000 கிலோமீட்டரைக் கடந்த நிலையில், நான்கு மாதங்களாக ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயிலைக் குடிப்பதோடு, மேடேறும்போது நீலப்புகையும் கக்குகிறது. வால்வு சீல்களை மாற்றியும், அடர்த்தியான ஆயில் ஊற்றியும் பயனில்லை.

சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் மற்ற மூன்று சிலிண்டர்களும் 160 பிஎஸ்ஐ காட்ட, இரண்டாவது மட்டும் 95 காட்டியது. அதில் சிறிது ஆயில் விட்டதும், அது இடைவெளியை அடைத்து 135க்கு உயர்ந்ததால், தேய்மானம் பிஸ்டன் ரிங்கிலோ போரிலோதான் (சிலிண்டரின் உட்சுவரில்) இருக்க வேண்டும். சீல்களுக்குச் செலவழிக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருக்கலாம்.

ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதற்கு, 55,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றிப் போட வேறொரு பழைய எஞ்சின் 40,000க்குக் கிடைத்தாலும், ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற வேண்டும். பாடியில் துருவில்லை, பதிவும் 2028 வரை உள்ளது.

நல்ல நிலையிலேயே ஒரு லட்சம்தான் தேறும் இந்தக் காருக்கு, நீங்களாக இருந்தால் ரீபோர் செய்வீர்களா, இப்படியே விற்றுவிடுவீர்களா?