தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியதா, இல்லையா?

மேலமாசிக்காரன்:
"தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்பது மதுரைக்காரர்கள் கட்டிவிட்ட கதை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 2,563 இருக்கைகளோடு நின்ற தியேட்டர் அது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தார்கள். கதையாம் கதை!

வேளச்சேரி வாசகன்:
எழுதியவன் நான்தான் அண்ணே. 2,563-ஐ மறுக்கவில்லை, 'ஆசியா'வைத்தான் மறுக்கிறேன். டோக்கியோவில் நிஹோன் கெகிஜோ என்ற அரங்கம் 1933-லேயே வந்துவிட்டது. சுமார் 4,000 பேர் உட்கார இடமிருந்தது.

மேலமாசிக்காரன்:
அது ஆட்டம் பாட்டம் நடத்திய மேடை. நான் பேசுவது சினிமா தியேட்டர். 2,563!

வேளச்சேரி வாசகன்:
அங்கே சினிமாவும் ஓட்டினார்கள்.

மேலமாசிக்காரன்:
தம்பி, நீங்கள் தங்கத்துக்குள் கால் வைத்ததுண்டா? பத்து வயதில் அப்பாவோடு போனேன். முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்தால் நாற்காலி வரிசை போய்க்கொண்டே இருக்கும், கடைசி வரிசை இருட்டில் கரைந்துவிடும். படம் விட்டதும் வீதியில் ஒரு ரிக்ஷா நகராது. என் விரலை அப்பா எப்படி இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது இன்னும் நினைவிருக்கிறது. ஆசியாவில் பெரியதுதான் அது.

கீழவாசல் பொண்ணு:
மதுரை என்றால் தங்கம் மட்டும்தானா? 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் எழுந்தது சிந்தாமணி தியேட்டர். விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசகசாலை, சாயங்காலம் அங்கேயே இருந்த ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம். அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மேலமாசிக்காரன்:
அக்கா, ரீகலில் எத்தனை இருக்கை? 2,563-க்குப் பக்கத்தில் வருமா?

கீழவாசல் பொண்ணு:
எப்போது பார்த்தாலும் இருக்கைக் கணக்கா? போன தடவை ஜிகர்தண்டா பேச்சிலும் என்னை இப்படித்தான் மடக்கினீர்கள். மறக்கவில்லை.

வேளச்சேரி வாசகன்:
கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். 4,000 பெரியதா, 2,563 பெரியதா?

மேலமாசிக்காரன்:
சென்னை அண்ணா சாலையில் இருந்த சஃபையர் தியேட்டரை இடித்தபோது வேடிக்கை பார்த்த ஊர்க்காரர் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டாம்.

வேளச்சேரி வாசகன்:
தங்கத்தை இடித்துத் துணிக்கடை கட்டியபோது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?

மேலமாசிக்காரன்:
வாசலில்தான் நின்றேன். சுவர் விழ விழப் பார்த்துக்கொண்டு நின்றேன், அழுதேன். அதனால்தான் சொல்கிறேன்: 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரியது. டோக்கியோவை இங்கே இழுக்காதீர்கள்.

வேளச்சேரி வாசகன்:
டோக்கியோவும் ஆசியாவில்தான் இருக்கிறது அண்ணே.

மேலமாசிக்காரன்:
2,563.