ஹாரெம் மாங்கா தன்னைத்தானே கேலி செய்துகொண்டால் அது விமர்சனமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காகிதக் கப்பல் எழுதியது:

சென்ற வாரம் மதிய உணவு நேரத்தில் நண்பர் ஒருவருடன் வாக்குவாதம். ஹாரெம் காதல் மாங்கா, அதாவது ஒருவரைப் பலர் காதலிக்கும் ஜப்பானியச் சித்திரக்கதை, எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்றார். ஒரு பையன், ஐந்து பெண்கள், ஐவருக்கும் அவன்மேல் காதல், அவர்கள் காதலைச் சொல்லும் நேரம் பார்த்து அவனுக்கு மட்டும் காது கேட்காது. 1998இல் கென் அகமாட்சு 'லவ் ஹினா'வைத் தொடங்கியபோதே அச்சு வார்க்கப்பட்டுவிட்டது, பிறகு வந்த மாவெல்லாம் அதே இட்லித் தட்டில்தான் ஊற்றப்பட்டது என்பது அவர் கட்சி. தன் வகையையே கேள்வி கேட்கும் மாங்காக்களும் உண்டே என்றேன். "கேள்வி எங்கே கேட்கின்றன? கேலி செய்கின்றன. கேலி செய்துகொண்டே அதே சரக்கை விற்கின்றன" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இரவு படுக்கையில் வந்த பதிலை இங்கே வைக்கிறேன்.

தமிகி வாகாகியின் 'தி வேர்ல்ட் காட் ஒன்லி நோஸ்' படித்திருக்கிறீர்களா? 2008 முதல் 2014 வரை வீக்லி ஷோனென் சண்டே இதழில் வந்தது, 26 தொகுதிகள். நாயகன் கெய்மா காதல் வீடியோ கேம்களில் எந்தப் பெண்ணின் மனத்தையும் வென்றுவிடுபவன். நிஜ உலகம் அவனுக்கு மோசமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு கேம், அவ்வளவுதான். நரகத்திலிருந்து தப்பிய ஆவிகள் பெண்களின் மன விரிசல்களில் ஒளிந்திருக்கின்றன. விரிசலைக் காதலால் அடைத்தால் ஆவி வெளியே வரும், நரகத்திலிருந்து வந்த எல்சி அதைப் பிடிப்பாள். தவறினால் இருவர் கழுத்திலும் மாட்டிய பட்டை தலையைக் கொய்துவிடும். முக்கியமான விதி இனிமேல்தான் வருகிறது: ஆவி வெளியேறியதும் அந்தப் பெண்ணுக்கு நடந்தது மறந்துபோகும்.

முதல் பத்துத் தொகுதிகளை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். "இந்த வகைப் பெண்ணுக்கு இந்த வசனம்" என்று கெய்மா கணக்குப் போடும்போது, வகையின் சூத்திரத்தை அதன் வாயாலேயே சொல்ல வைக்கிறாரே என்று வியந்தேன். நண்பர் சொன்ன கேலி இதுதான். இதோடு நின்றிருந்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் அந்த மறதி இருக்கிறதே, அது சும்மா வைத்த வசதி அல்ல. ஹாரெம் கதை முழுவதும் ஓடுவதே மறதியால்தான். ஒருத்தி இந்த வாரம் மனம் திறந்து அழுவாள், அடுத்த வாரம் கடற்கரைக் காட்சி, பலகை துடைத்தாயிற்று. வாகாகி அந்த அழிப்பானைக் கதையின் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டு, பிறகு அதை வேலை செய்யாமல் ஆக்குகிறார். தேவதைகள் ஆறு பேர், அவர்களில் ஐவர் அவன் முன்பு வென்ற பெண்களிடம் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது. யாரென்று கண்டுபிடிக்க அவன் மறுபடி காதலிப்பதுபோல் நடிக்க வேண்டும்.

அந்தத் தேடலில் சிஹிரோவிடம் வருகிறான். சிஹிரோ சாதாரணப் பெண். கேம் மொழியில் சொன்னால் கூட்டத்தில் நிற்க வைக்கும் பொம்மை. கெய்மாவே அவளை முன்பு அப்படி ஏளனம் செய்திருக்கிறான். பள்ளி விழா நாட்களில், மொட்டைமாடியில், அவள் தன் காதலைச் சொல்கிறாள். அந்த நொடியில் தேவதை அவளிடம் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் பேசுவது கொடூரம். இங்கே ஆவியும் இல்லை, தேவதையும் இல்லை, துடைத்துப்போட எந்த மந்திரமும் இல்லை. அவள் காதலித்தாள், அவன் உடைத்தான். அழுதுவிட்டு, தன் தோழிகளோடு மேடையேறிப் பாடுகிறாள்.

இப்போது என் வெட்கக்கேடு. சிஹிரோவின் முதல் கதை வந்தபோது, "இவளிடம் என்ன இருக்கிறது" என்று பக்கங்களை வேகமாகத் தள்ளியிருந்தேன். மொட்டைமாடிக் காட்சிக்குப் பிறகு பழைய தொகுதியைத் தேடி எடுத்து, தள்ளிய பக்கங்களைப் படித்தேன். கெய்மா அவளிடம் சொன்ன அதே ஏளனத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் அவன் தேர்ந்தெடுப்பதும் அவளைத்தான்.

நண்பருக்கு என் பதில் இது: சூத்திரத்தைச் சுட்டிக்காட்டினால் கேலி. சூத்திரம் யாரை நசுக்குகிறது என்று காட்டி, அந்த வலியை அடுத்த அத்தியாயத்துக்கும் தூக்கிக்கொண்டு போனால்தான் விமர்சனம். உங்களுக்கு அப்படி நேர்ந்த மாங்கா எது?

திங்கள்கிழமை வாசகர் எழுதியது:

எனக்கு நேர்ந்தது தலைகீழ். 'வீ நெவர் லேர்ன்' மாங்கா வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் 2017இல் தொடங்கி 2020 வரை வந்தது. வாரா வாரம் படித்தேன், திங்கள்கிழமை என்றால் அதுதான். ஆசிரியர் தைஷி சுட்சுயி, ஐந்து பெண்களில் உருகாவோடு நாயகனைச் சேர்த்துக் கதையை முடித்தார். நான் ஃபுமினோ கட்சி. ஒரு நாள் முழுக்க மனம் சரியில்லை. சரி, வாழ்க்கை என்றால் ஒருத்தி வெல்வாள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள் என்று தேற்றிக்கொண்டேன். பார்த்தால் மற்ற நால்வருக்கும் தனித்தனி முடிவுகள் அறிவிக்கப்பட்டன! ஐந்து பெண்கள், ஐந்து இணைக்கதைகள். ஃபுமினோவின் முறை வந்தபோது மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. ஆனால் முதல் வாரத்தில் வலித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் அங்கே எதுவும் இல்லை. வலிக்கு நஷ்டஈடு கொடுத்து வாயை அடைத்ததுபோல் இருந்தது.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜம்பில் இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர்கள் பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்புவார்கள். அதில் பின்தங்கினால் தொடருக்கு ஆயுள் குறைவு. பாத்திரங்களுக்கு வேறு தனியாகத் தேர்தல் நடக்கும். 'நிசெகோய்' என்ற மாங்காவின் தேர்தல் ஒன்றில் ஒரே வாசகர் மரிகா என்ற பாத்திரத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அனுப்பினார். அப்படிப்பட்ட பக்தர் முன்னால் எந்த ஆசிரியருக்குத் துணிச்சல் வரும்? அந்த வகையில் வாகாகி தைரியசாலி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அவரும் வென்ற பெண்களை வரிசைகட்டிச் சேர்த்து, கூட்டம் கூடிய பிறகுதான் உண்மையைப் பேசினார்.

மொட்டைமாடி எழுதியது:

வலித்தால்தான் விமர்சனம் என்பதை ஏற்க மாட்டேன். அப்படிப் பார்த்தால் 2007இல் வந்த 'ஸ்கூல் டேஸ்' அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்தான் உலகின் தலைசிறந்த விமர்சனம். பல பெண்களை ஏமாற்றியவன் கடைசியில் கத்திக்குத்து வாங்குகிறான், பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாள் யோசித்தால், கெட்டவனுக்குத் தண்டனை கிடைத்தது என்பதற்குமேல் அது எனக்கு எதையும் சொல்லவில்லை. பன்னிரண்டு வாரம் நானும் அதே வேடிக்கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்?

எனக்குக் கண் திறந்தது '100 கேர்ள்ஃபிரெண்ட்ஸ்'. 2019 இறுதியில் வீக்லி யங் ஜம்பில் தொடங்கியது. கதை ரிகிதோ நகமுரா, ஓவியம் யுகிகோ நோஸாவா. காதல் கடவுளின் கவனக்குறைவால் நாயகன் ரெந்தாரோவுக்கு ஆத்மத் துணைகள் நூறு பேர். அபத்தம்தான். ஆனால் அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. முதல் இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். யாரையும் காத்திருக்க வைப்பதில்லை, யாருடைய பிடிவாதத்தையும் பயத்தையும் மறப்பதில்லை. அவர்களில் ஒருத்தியான ஷிசுகா பேசத் தயங்கி, பிடித்த புத்தகத்தின் வரிகளைக் காட்டித்தான் பேசுவாள். அவன் அந்தப் புத்தகம் முழுவதையும் தட்டச்சு செய்து, கைப்பேசி வழியாக அது குரலாக ஒலிக்கும்படி செய்து தருகிறான். அந்தப் பக்கத்தில் எனக்குத் தோன்றியது: ஐந்து பேருக்கு நடுவே மந்தமாக உட்கார்ந்திருந்த இருபது ஆண்டு நாயகர்கள் எல்லாரும் வெறும் சோம்பேறிகள். இதைவிடக் கூர்மையாக அவர்களை யார் அடித்தார்கள்? ஒருவரையும் அழ வைக்காமல் அடித்திருக்கிறார்கள்.

காகிதக் கப்பல்:

ஷிசுகா காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் அவனோடு சேராவிட்டால் அந்தப் பெண்கள் செத்துப்போவார்கள் என்ற விதியை விட்டுவிட்டீர்கள். மறுக்கும் உரிமையைக் கதையே பிடுங்கிக்கொண்டது.

மொட்டைமாடி:

உங்கள் கெய்மா கழுத்தில் பட்டை இல்லையா?

காகிதக் கப்பல்:

உண்டு. சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு.

தோழி கூற்று எழுதியது:

எல்லாரும் பையனைச் சுற்றிப் பெண்கள் நிற்கும் கதைகளையே பேசுகிறீர்கள். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஆறு பேர் ஒரே தொகுதியை மாற்றி மாற்றிப் படித்தது பிஸ்கோ ஹடோரியின் 'ஊரான் ஹை ஸ்கூல் ஹோஸ்ட் கிளப்'. 2002 முதல் 2010 வரை லாலா இதழில் வந்தது. இதில் ஒரு பெண், அவளைச் சுற்றி ஆறு பணக்காரப் பையன்கள். ஹருஹி 80 லட்சம் யென் மதிப்புள்ள பூச்சாடியை உடைத்துவிட்டு, கடனைத் தீர்க்க, அவர்கள் பள்ளியில் பெண்களை உபசரிக்க நடத்தும் மன்றத்தில் ஆண் வேடத்தில் வேலை செய்கிறாள். பையன்கள் தங்களையே வகை பிரித்து விற்கிறார்கள்: இளவரசன் வகை, அமைதியானவன் வகை, குறும்பு இரட்டையர் வகை. ஹாரெம் கதையின் கடைச் சரக்கை விலைப்பட்டியலோடு மேசையில் பரப்பியதுபோல. நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு நின்ற இடம் வேறு. மன்றத் தலைவன் தமகி தன்னை ஹருஹியின் "அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பான், வாசகர்களுக்கு அது நகைச்சுவை. இரட்டையரில் ஒருவனான கவோருதான் அதைக் கண்டுகொள்கிறான். இந்தக் குடும்ப விளையாட்டு இருக்கும்வரைதான் எல்லாரும் சேர்ந்திருக்க முடியும், யாராவது ஒருவர் காதல் என்ற சொல்லை உச்சரித்தால் வண்டி மறுபடி பூசணிக்காய் ஆகிவிடும் என்ற பயம். நாயகனுக்குக் காது கேட்காது என்று காகிதக் கப்பலின் நண்பர் சொன்னாரே, ஏன் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விடை அதுதான். கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். விடுதியில் எங்கள் ஆறு பேருக்கும் அது கடைசி ஆண்டு. அந்தத் தொகுதியை யாரும் அடுத்தவர் முன்னால் படிக்கவில்லை, தனித்தனியாக மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

இன்னொன்று. இந்த மந்த நாயகனுக்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழைய பெயர் உண்டு. குறுந்தொகையில் பரத்தை, தலைவனை ஆடிப்பாவை என்கிறாள். எங்களிடம் பெரிதாகப் பேசிவிட்டு, தன் வீட்டில் கண்ணாடிப் பிம்பம்போல் மனைவி ஆட்டும்படியெல்லாம் கையும் காலும் தூக்குகிறானாம். அதைச் சொல்பவள் மனைவி அல்ல, அவன் வந்துவிட்டுப் போன இன்னொருத்தி. ஓரத்தில் நின்றவளுக்குக் குரல் கொடுத்தால் நாயகன் எப்படித் தெரிவான் என்பதற்கு அந்த ஆறு வரி போதும்.

அதனால்தான் காகிதக் கப்பலிடம் ஒரு கேள்வி. சிஹிரோவைத் தள்ளிப் படித்ததற்கு வெட்கப்படுகிறீர்கள், நல்லது. கெய்மாவை அவனுக்குத் தெரியாமல் பத்து ஆண்டுகள் நேசித்து, அவன் தன்னிடம் வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவனுக்காகவே உழைத்த தென்ரி எங்கே? தேவதை இருந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. உங்கள் பதிவில் அவள் பெயரே இல்லை.

காகிதக் கப்பல்:

மேலே போய் இரண்டு முறை தேடிப் பார்த்தேன். இல்லை.