தாத்தா வீட்டுக் குழு: புல்லட் உதறுகிறது

சனிக்கிழமை

நான்: பெரிய மாமா, தாத்தா புல்லட் ரொம்ப உதறுகிறது. கூடலூரில் கிளம்பும்போது ஒன்றும் தெரிவதில்லை. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸிங் அடிக்கிறது. ஒரு இழுப்பு இழுக்கும், அடுத்தது விட்டுவிடும். குமுளி போய்ச் சேர்ந்தால் கை மரத்துப்போகிறது.

நான்: ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்குகிற தண்டு) போச்சு, எஞ்சினை இறக்கணும் என்கிறார்கள்.

சின்ன மாமா: அதுதான் இருக்கும். வயசான எஞ்சின். இறக்கிவிடு.

பெரிய மாமா: பொறு தம்பி. இறக்கினால் அப்பா பார்த்துப் பார்த்துப் பூட்டின எஞ்சின் திரும்ப அதே மாதிரி வராது. மாப்பிள்ளை, நான் கேட்பதற்குப் பதில் சொல். கம்பம் ரோட்டில் 50-இல் போகும்போது உதறினால் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுப் பார்த்தாயா? வண்டி உருளும்போதும் உதறுகிறதா?

நான்: இல்லை மாமா, கிளட்ச் பிடித்ததும் அடங்கிவிடுகிறது.

பெரிய மாமா: அப்படியென்றால் சக்கரம், டயர் பக்கம் இல்லை. எஞ்சின் பக்கம்தான். அடியிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறதா? ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் அந்தச் சத்தம் கூடுகிறதா?

நான்: இல்லை. படபடவென்று விட்டு விட்டு அடிப்பது மட்டும்தான்.

பெரிய மாமா: பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் போனால் அந்த டக் டக் வராமல் இருக்காது. காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் வரும். உனக்குச் சூடான பிறகுதான் வருகிறது. இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சின்ன மாமா: அண்ணே, மேலே போகப் போகக் காற்று குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டராக இருக்காதா?

பெரிய மாமா: நல்ல கேள்வி. குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கம்பத்தில் சரியாக வைத்த கார்புரேட்டர் அங்கே கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் கொடுக்கும். இழுவை லேசாக மந்தமாகும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். இப்படி விட்டு விட்டு வெட்டாது. ஆனாலும் பிளக்கைப் பார்ப்போம். படம் அனுப்பு.

நான்: [படம்]

பெரிய மாமா: வீட்டு வாசலில் ஸ்லோவில் ஓடவிட்டுக் கழற்றினாயா? அப்படி எடுத்தால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். ஏற்றத்தில் நன்றாக இழுக்கும்போதே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டி, அங்கேயே கழற்று. சூடாக இருக்கும், துணி வைத்துக்கொள். வெளுத்திருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பிஸ்கட் நிறம் என்றால் பெட்ரோல் கணக்கு சரி.

அம்மா: அண்ணே, இவன் கொண்டை ஊசி வளைவில் வண்டியை அணைத்துக்கொண்டு நிற்கப் போகிறான். ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் எல்லாம் ஆளை ஏற்றிக்கொண்டு பறக்கிற ரோடு அது.

பெரிய மாமா: சரிதான்மா. மாப்பிள்ளை, ஜீப் ஏறுகிற காலை நேரமும் இறங்குகிற சாயங்காலமும் வேண்டாம். மத்தியானம் போ, வளைவு இல்லாத இடத்தில் செய்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: [படம்] பிஸ்கட் நிறம்தான் மாமா.

பெரிய மாமா: அருமை. அப்போது கார்புரேட்டரைத் தொடாதே. பொறி பக்கம் போவோம். இருட்டியதும் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பொறிக்கான கரண்டைத் திறந்து மூடுகிற பாயிண்ட் இருக்கிற மூடியைக் கழற்றி, ஓடவிட்டு உள்ளே பார். என்ன தெரிகிறது என்று சொல்.

நான்: மாமா! பாயிண்ட் வாயில் நீலமாகப் பொறி பறந்துகொண்டே இருக்கிறது. அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். பாயிண்டின் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் சின்ன மேடு.

பெரிய மாமா: கண்டென்சர். பாயிண்ட் திறக்கிற நொடியில் பாய வருகிற கரண்டை அதுதான் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டால்தான் பொறிக்கு வோல்ட்டைக் கூட்டுகிற காயிலில் இருந்து பிளக்குக்குப் பலமான பொறி போகும். சூட்டில் அது கசிந்தால் கரண்ட் பாயிண்ட் வாயிலேயே எரிந்து தீர்கிறது. சமதளத்தில் சமாளிக்கும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்துச் சிலிண்டரில் அழுத்தம் கூடினால் நோஞ்சான் பொறி தாண்டாது. அதுதான் உன் மிஸ்ஸிங்.

அக்கா: மாமா, அப்போது உதறல்? அதுவும் இதனால்தானா?

பெரிய மாமா: பாதி இதனால்தான்மா. ஒரு அடி விழுந்து ஒரு அடி விழாமல் போனால் எஞ்சின் ஆடும். மீதி வேறு எங்கோ இருக்கிறது. மாப்பிள்ளை, எஞ்சின் ஹெட்டையும் மேலே சேஸிஸையும் இணைக்கிற சின்னப் பட்டை இருக்கும். அதைக் கையால் ஆட்டிப் பார். எஞ்சின் மவுண்டிங் போல்ட் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பார்.

நான்: கீழே எல்லாம் இறுக்கம். பட்டை ஆடுகிறது. போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று இருக்கிறது.

பெரிய மாமா: அது தளர்ந்தால் ஹெட் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் சேஸிஸ் வழியாக நேரே ஹேண்டில் பாருக்கு வரும். இதைத்தான் கிராங்க் என்று சொல்லி உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். புது கண்டென்சர், புது பாயிண்ட் இரண்டும் வாங்கு. பழைய பாயிண்டை ராவிப் போடாதே, அந்தக் குழி முழுசாகப் போகாது. இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள். கண்ணளவு கூடாது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வை. பாயிண்ட் மாற்றினால் டைமிங்கும் (பொறி விழுகிற நேரம்) நகரும், அதையும் வைத்துவிடு.

சின்ன மாமா: இரண்டும் சில்லறைக் காசு. எஞ்சின் வேலைக்கு என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அண்ணே, நல்லவேளை.

செவ்வாய்க்கிழமை

நான்: குமுளி செக்போஸ்ட் வரை ஒரு தடவைகூட வெட்டவில்லை. இரண்டாவது கியரில் சீராக ஏறினது. 65 தாண்டினால் மட்டும் இன்னும் உதறல் இருக்கிறது மாமா.

பெரிய மாமா: அது நோய் இல்லை, அந்த வண்டியின் சுபாவம். ஒற்றைச் சிலிண்டர், சிலிண்டரின் 70 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிஸ்டனின் 90 மில்லிமீட்டர் ஓட்டம், ஆட்டத்தைச் சமன்செய்ய உள்ளே வேறு தண்டு கிடையாது. அப்பா 55-க்கு மேல் விரட்டினதே இல்லை. நீயும் அப்படியே ஓட்டு.

பெரிய மாமா: டேப்பெட் (வால்வு இடைவெளி) மட்டும் பார்க்கணும். எஞ்சின் முழுசாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடின நிலையில், வால்வைத் திறக்க உதவுகிற புஷ் ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலே கீழே ஆட்டம் இருக்கக் கூடாது. இறுக்கி வைத்தால் வால்வு கருகும்.

நான்: சரி மாமா. முந்தின ராத்திரியே வண்டியை உங்கள் வீட்டில் விட்டுவிடுகிறேன்.

பெரிய மாமா: விட்டுவிடு. காலையில் நான் வரும்வரை யாரும் கிக்கர் அடிக்க வேண்டாம்.