மாவட்ட மகளிர் கால்பந்து லீக்: முதல் சீசனுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

கோல்கிக்_மேனேஜர்:
எங்க மகளிர் டீம் முதல் தடவையா மாவட்ட லீக்ல இறங்குது. 16 பேர், பாதி காலேஜ், பாதி வேலைக்குப் போறவங்க. கிரவுண்ட் கட்டாந்தரை. மூணு சந்தேகம். ரெஜிஸ்ட்ரேஷன்ல எங்கே மாட்டும்? ஞாயிறு காலை மேட்ச்னா நாலைந்து பேர் லேட்டா வருவாங்க, என்ன செய்யறது? முழங்கால் காயம் வராம எப்படிப் பார்த்துக்கறது?

ஃபைல்_பாய்:
ஏஐஎஃப்எஃப் (அகில இந்திய கால்பந்து சம்மேளனம்) ஆன்லைன் பதிவு முறையான சிஆர்எஸ்ல ஏத்தும்போது மாட்டுறது பெரும்பாலும் பேர்தான். பிறப்புச் சான்றுல 'செல்வி', ஆதார்ல 'செல்வி மு', மார்க்‌ஷீட்டுல அப்பா பேர் முழுசா. நம்ம ஊர் இனிஷியல் படுத்தும் பாடு இது. எல்லா பேப்பரையும் ஒண்ணா வெச்சு எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. திருத்தணும்னா பிறப்புச் சான்றை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் ஆதாருக்குப் போங்க. ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் மாத்தலாம், பிறந்த தேதியை ஒரே தடவை. அவசரத்துல தப்பா மாத்திட்டா அப்புறம் கஷ்டம்.

இன்னொண்ணு, முன்னாடி வேற கிளப்புக்கோ அகாடமிக்கோ ஆடினவங்களுக்கு ஏற்கெனவே சிஆர்எஸ் ஐடி இருக்கும். புதுசா ஒண்ணு போடாதீங்க, பழைய கிளப்கிட்ட பேசி டிரான்ஸ்ஃபராவே வாங்குங்க. இந்த ஐடி நாளைக்கும் வேணும். மேலே ஐடபிள்யூஎல் (இந்திய மகளிர் லீக்), அதுக்குக் கீழே 2023-24ல ஆரம்பிச்ச ஐடபிள்யூஎல் 2, அதுக்கும் கீழேதான் மாநில லீக். மதுரை சேது எஃப்சி 2018-19ல ஐடபிள்யூஎல்லையே ஜெயிச்சாங்க, அதனால மாவட்ட லீக்தானேன்னு பேப்பர் வேலையை அசால்ட்டா விடாதீங்க.

விசில்_சத்தம்:
லேட்டா வர்றதுக்குப் பதில் டீம் லிஸ்ட்ல இருக்கு. ஏழு பேர் இருந்தா மேட்ச் தொடங்கலாம், அதுல ஒருத்தர் கீப்பர். ஆறு பேர்னா கிடையாது. பஸ்ல வந்துட்டிருக்கவங்க பேரையும் லிஸ்ட்ல எழுதிக் கொடுத்துடுங்க. பேர் இருந்தா பாதியில வந்தாலும் ரெஃப்ரிகிட்ட சொல்லிட்டு இறங்கலாம். பேர் இல்லாதவங்க கிரவுண்டுக்கு வந்தும் வேடிக்கைதான் பார்க்கணும். எத்தனை மாற்று ஆட்டக்காரர், எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க என்பது உங்க லீக் ரூல் புக்ல இருக்கும், வாங்கிப் படிங்க.

நீங்க கேட்காததையும் சொல்றேன், மகளிர் மேட்ச்ல ரெஃப்ரி அதிகம் நிறுத்துறது இதுக்குத்தான்: நகை. கம்மல், மூக்குத்தி, தாலி, மெட்டி, கையில கட்டின கயிறு எதுவும் கூடாது. மேல டேப் ஒட்டி மறைக்கிறதும் விதி 4ல (ஆட்டக்காரர் உடை பத்தின கால்பந்து விதி) செல்லாது. குத்தின துளை மூடாம இருக்கப் போடுற பிளாஸ்டிக் குச்சியும் நகைதான். மூக்கு குத்தணும்னா சீசன் முடிஞ்சு குத்திக்கச் சொல்லுங்க, இல்லேன்னா ஒவ்வொரு ஞாயிறும் சண்டை.

அடுத்து லெக்கிங்ஸ். ஷார்ட்ஸுக்கு உள்ளே போடலாம், ஆனா ஷார்ட்ஸ் நிறத்திலேயே இருக்கணும், டீம்ல போடுற எல்லாருக்கும் ஒரே நிறம். வெள்ளை ஷார்ட்ஸ், கருப்பு லெக்கிங்ஸ் நடக்காது. கிட் வாங்குறப்பவே கருப்பு ஷார்ட்ஸா எடுத்துட்டா பிரச்சினையே இல்லை. முழுக்கை இன்னர் போட்டா ஜெர்சி கை நிறம். தலையை மூடி ஆடலாம், கருப்பு அல்லது ஜெர்சி நிறம், இறுக்கமா, ஊசி குத்தாம.

பிசியோ_நெல்லை:
முழங்காலுக்கு வர்றேன். ஏசிஎல் (முழங்கால் உள்ளே இருக்கிற தசைநார்) கிழியறது ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே நடக்கும்: குதிச்சு இறங்குறப்பவோ வெட்டித் திரும்புறப்பவோ முழங்கால் உள்பக்கம் மடங்கும். அதனால ஃபிஃபா 11+ வார்ம்-அப்பை வாரம் ரெண்டு தடவையாவது செய்யுங்க. மொத்தம் 20 நிமிஷம். மெதுவா ஓட்டம் 8, வலு-குதிப்பு-சமநிலை 10, வேக ஓட்டம் 2. மேட்ச் அன்னைக்கு நடுப்பகுதியை விட்டுடுங்க, கால் சோர்ந்துடும்.

நடுப்பகுதியிலதான் எல்லாரும் ஏமாத்துவாங்க. நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசைக்கான பயிற்சி): ஒருத்தர் கணுக்காலைப் பிடிக்க, மண்டி போட்டு உடம்பை நேரா வெச்சு முன்னால மெதுவா சாயணும். ஆரம்பத்துல 3 முதல் 5 தடவை போதும். முதல் வாரமே 15 போட்டா மறுநாள் படி இறங்க முடியாது, அதோட ஆளே வரமாட்டாங்க. குதிப்பு 30 செகண்ட், ரெண்டு தடவை. இறங்குறப்ப முழங்கால் பாதத்துக்கு நேரா இருக்கான்னு எதிரே நின்னு ஒருத்தர் பார்க்கணும். யாரும் பார்க்கலேன்னா அந்தப் பயிற்சி வெறும் குதி.

கட்டாந்தரைக்கு நீள ஸ்டட் (ஷூ அடியில இருக்கிற குமிழ்) வேண்டாம், அது பிடிச்சுக்கும், பாதம் நின்னு முழங்கால் திரும்பும். குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூ வாங்குங்க.

கோல்கிக்_மேனேஜர்:
ரொம்ப நன்றி. ஷார்ட்ஸ் வெள்ளையில ஆர்டர் கொடுத்திருக்கோம், இன்னைக்கே மாத்தச் சொல்றேன். வெயில்ல தண்ணிக்கு நடுவுல நிறுத்துவாங்களா சார்?

விசில்_சத்தம்:
லீக் ரூல்ல இருந்தா நிறுத்துவாங்க. தண்ணி குடிக்க மட்டும்னா ஒரு நிமிஷத்துக்குள்ள. உடம்புச் சூட்டைத் தணிக்கிற கூலிங் பிரேக்னா ஒண்ணரை நிமிஷத்திலிருந்து மூணு நிமிஷம். அந்த நேரத்தை அந்தப் பாதியிலேயே சேர்த்துக் கொடுத்துடுவாங்க. மேட்சுக்கு முன்னாடி ரெண்டு கேப்டனும் சேர்ந்து போய் ரெஃப்ரிகிட்ட கேட்டுக்கங்க.