சுவர் நகரும் அறையில் ஒன்றரை மணி நேரம்

ஒரே இடத்தில் நடக்கும் த்ரில்லர் என்று கேள்விப்பட்டால் போதும், எனக்கு அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். 'கியூப்' (1997), 'எக்ஸாம்' (2009), 'பரீட்' (2010) எல்லாம் அந்தப் பைத்தியத்தில் பார்த்தவைதான். ஆள் ஆளுக்குச் சொல்லும் படங்கள் தீர்ந்துபோன பிறகு, ஓர் இரவு சும்மா தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது 'ஃபெர்மாஸ் ரூம்'. 2007இல் வந்த ஸ்பானியப் படம். அதுவரை ஒருவர்கூட இந்தப் பெயரை என்னிடம் சொன்னதில்லை. கதைச் சுருக்கத்தில் கணித அறிஞர்கள் என்று இருந்ததைப் பார்த்து முன்பு ஒருமுறை நானே தாண்டிப் போயிருக்கிறேன். அன்று வேறு எதுவும் பிடிக்காமல் போட்டேன். பாதியில் எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒருவரையொருவர் அறியாதவர்களாகத் தோன்றும் நான்கு பேருக்கு அழைப்பு வருகிறது. அனுப்பியவர் பெயர் ஃபெர்மா. வருகிறவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. ஹில்பர்ட், பாஸ்கல், கலுவா, ஒலிவா என்று புனைபெயர்தான். பெரிய புதிர் ஒன்றைச் சேர்ந்து தீர்க்கப்போகிறோம் என்ற நினைப்பில் வந்து உட்காருகிறார்கள். அழைத்தவர் ஒரு போன் வந்து வெளியே போகிறார். கதவு பூட்டிக்கொள்கிறது. கையடக்கக் கருவி ஒன்றில் புதிர் வருகிறது, விடை சொல்ல ஒரே ஒரு நிமிடம். அந்த நிமிடம் தாண்டினால் ஹைட்ராலிக் பிரஸ்கள் நான்கு சுவர்களையும் உள்ளே தள்ளத் தொடங்கும். சரியான விடை போனால்தான் நிற்கும்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது எதுவென்றால், அவர்களுக்குக் கிடைக்கும் அதே புதிர், அதே நேரம் நமக்கும் கிடைப்பதுதான். மூடிய அறைக்குள் ஒரு பல்பு, வெளியே மூன்று ஸ்விட்ச். ஒரே முறை உள்ளே போய்ப் பார்த்து எது பல்புக்கு உரியது என்று சொல்ல வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். ஒன்றைப் போட்டுச் சற்று நேரம் விட்டு அணைக்க வேண்டும், இன்னொன்றைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எரிந்தால் இரண்டாவது, அணைந்து சூடாக இருந்தால் முதலாவது, இரண்டும் இல்லையென்றால் மூன்றாவது. அவ்வளவுதான். ஆனால் சுவர் நெருங்கி வரும் காட்சியைப் பார்த்துக்கொண்டே யோசித்தபோது எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. தெரிந்த விடை தொண்டை வரை வந்து நின்றது.

இந்தப் படத்தைப் பற்றிய பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. புதிர்கள் எல்லாம் பழையவை. கணித அறிஞர்கள் இதற்கா இவ்வளவு திணறுவார்கள் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். அந்தப் பல்பு காட்சியில் நான் உறைந்துபோன பிறகு எனக்கு அந்தக் கேள்வி உறுத்தவில்லை. பயத்தில் மூளை அப்படித்தான் இருக்கும்.

இயக்குநர்கள் இரண்டு பேர்: லூயிஸ் பியெத்ராயிதா, ரோத்ரிகோ சொப்பேஞா. பியெத்ராயிதா மேஜிக் செய்பவரும்கூட. இதை நான் படம் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன், தெரிந்ததும் மொத்தப் படமும் வேறு மாதிரி தெரிந்தது. மேஜிக்காரர் ஒரு கையை ஆட்டி நம் கண்ணை அங்கே நிறுத்திவிட்டு மறுகையில் வேலையை முடிப்பார் இல்லையா, இங்கே அந்த ஆடும் கைதான் புதிர்கள். நாம் மணற்கடிகாரப் புதிரையும் பல்புப் புதிரையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஏன் இந்த நான்கு பேர், இவர்களில் யாருக்கு யாரை ஏற்கெனவே தெரியும் என்ற உண்மையான புதிர் பேச்சுவாக்கில் நடந்துகொண்டே இருக்கிறது. கலுவா என்ற பெயரில் வரும் இளைஞன் கோல்ட்பாக் அனுமானத்தை நிரூபித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டவன். 2ஐவிடப் பெரிய எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பதே அந்த அனுமானம். 1742இல் கணித அறிஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் கிளப்பிய கேள்வி, இன்றுவரை யாரும் நிரூபித்ததில்லை. ஒரு கொலைத் திட்டத்துக்கு இதைவிடச் சுத்தமான காரணம் கிடைக்குமா என்று தோன்றியது. இதற்கு மேல் கதையைச் சொன்னால் பாவம்.

கடைசிப் பகுதியில் ரகசியங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அவசரமாக விழுகின்றன, அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நடிப்பில் ஹில்பர்ட்டாக வரும் லூயிஸ் ஒமார் தனியாக நிற்கிறார்.

இரண்டாம் முறை தம்பியோடு பார்த்தேன். 4 நிமிட மணற்கடிகாரம் ஒன்று, 7 நிமிட மணற்கடிகாரம் ஒன்று, இவற்றை வைத்து 9 நிமிடம் அளக்க வேண்டும் என்ற புதிர் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டான். "இரு, விடையைக் காட்டிடாத" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவன் வெகுநேரம் தலை தூக்கவில்லை. பிறகு சொன்னான்: "ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிக்கணும். 4 முடிஞ்சதும் அதைத் திருப்பணும், 7 முடிஞ்சதும் அதைத் திருப்பணும். 8ஆவது நிமிஷத்துல சின்னது மறுபடி காலி ஆகும். அப்போ பெரியதுல ஒரு நிமிஷ மணல்தான் கீழ விழுந்திருக்கும். அதைத் திருப்பிட்டா இன்னும் ஒரு நிமிஷம்." சுவர் உண்மையாக நகர்ந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் நசுங்கியிருப்போம். ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

அவனைக் கடைசி வரை விடாமல் பிடித்தது வேறொரு புதிர். அழைப்புக் கடிதத்தோடு வரும் எண் வரிசை: 5-4-2-9-8-6-7-3-1. எந்த விதியில் இது அடுக்கப்பட்டிருக்கிறது? கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் இதில் கணக்கே இல்லை. சின்கோ, குவாத்ரோ, தோஸ் என்று ஸ்பானியத்தில் எழுதி அகர வரிசையில் அடுக்கியது, அவ்வளவுதான். சப்டைட்டிலை நம்பிப் பார்க்கிற நமக்கு இது பிடிபட வழியே இல்லை என்று தம்பி நியாயம் கேட்டுக்கொண்டே தூங்கப் போனான்.

மறுநாள் மத்தியானம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ். வேறு ஒரு வார்த்தைகூட இல்லை, எண்கள் மட்டும்: 6-2-8-7-5-9-1-4-3.

ஆறு, இரண்டு, எட்டு, ஏழு, ஐந்து என்று வாய்விட்டுப் படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.